கழுவிக் கெடுத்த கடல்

வல்லம் வடகாலில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் கூலண்ட் தொட்டி கழுவுவதுதான் அப்போது என் வேலை. இரும்பைக் கடையும் ஒவ்வொரு எந்திரத்துக்கு அடியிலும் ஒரு தொட்டி இருக்கும். வெட்டும் இடத்தில் சூடு ஏறாமலிருக்க, மோர் நிறத்தில் ஒரு திரவத்தை பம்பு மேலே பீய்ச்சும். அது இரும்புச் சீவலோடு வடிந்து மறுபடி தொட்டிக்கே வரும். ஞாயிற்றுக்கிழமை எந்திரம் ஓடாவிட்டால் திங்கள் காலை அந்தத் தொட்டி அழுகிய முட்டையாக நாறும். கிருமி பிடித்துவிட்டது என்று அர்த்தம். நாங்கள் நான்கு பேர் தொட்டியை வடித்து, சுரண்டி, மருந்து ஊற்றி, ஒரு கிருமி மிஞ்சாமல் கழுவிவிட்டு வருவோம்.

அதற்கு முன்பு மரக்காணத்தில் உப்பு வாரியிருக்கிறேன். நெல்லூர்ப் பக்கம் இறால் குட்டைக்குக் காவல் இருந்திருக்கிறேன். போர்வெல் லாரியோடு மூன்று மாநிலம் சுற்றியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் என்றாலும், தண்ணீரைப் பற்றி இனி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற நினைப்பு இருந்தது. இரண்டு மீன்கள் அந்த நினைப்பைத் தீர்த்து வைத்தன.

நான் வாடகைக்கு இருந்த வீடு ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே. சொந்தக்காரர் ஒரு அக்கா. நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு, வீட்டின் பின்பக்கம் வரிசையாக ஆறு அறைகளும் மாடியில் ஒரு வீடும் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். மாடியில் இருந்தவர் கல்யாணமாகாத ஒரு இன்ஜினியர். கடல் மீன் பைத்தியம். நாலடி நீளக் கண்ணாடித் தொட்டியும், ஒரு சாக்கு வெள்ளை மணலும், ஓட்டை ஓட்டையான கடல் கற்களும் வாங்கிக் கீழே அக்கா வீட்டு ஹாலில் இறக்கி வைத்திருந்தார். மாடி அந்த எடையைத் தாங்காது என்று அக்கா சொல்லியிருந்தார். இன்ஜினியர், பெரிய தொட்டி தயாராகும் வரைக்கும் என்று இரண்டு கோமாளி மீன்களை ஒரு சின்ன டப்பில் விட்டிருந்தார். ஆரஞ்சு நிறம், குறுக்கே வெள்ளைப் பட்டை, கட்டைவிரல் நீளம். தொட்டி தயாராவதற்குள் கம்பெனி அவரை ஐந்து மாதப் பயிற்சிக்கு வெளிநாடு அனுப்பிவிட்டது. நாலே நாள் அவகாசம்.

"ஆன்ட்டி, நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். அக்கா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, சரி என்றுவிட்டார்.

தெருவே சிரித்தது. அக்கா வளர்த்த உயிர்களின் கதை எல்லோருக்கும் தெரியும். கிளி பறந்துவிட்டது. வான்கோழி கம்பெனி பஸ்ஸில் அடிபட்டது. நாலு வருஷம் சோறு போட்ட நாய் ஒரு தொழிற்சாலை கேட்டுக்குக் குடிபெயர்ந்து செக்யூரிட்டியோடு சேர்ந்துகொண்டது; அக்கா பஸ்ஸில் போகும்போது பார்த்தும் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருக்குமாம். எதிர்வீட்டில் இருந்த அவருடைய நாத்தனார் வாசலில் நின்றே சொன்னார்: "உன் கையில குட்த்துட்டுப் போறானே, அந்த மீனு இன்னா பாவம் பண்ணிச்சோ."

அக்கா வாசல் கதவைச் சாத்தினார். சாயங்காலம் நேராக என் அறைக்கு வந்தார்.

"தம்பி, நீ பம்பு வேலைக்காரன். அஞ்சு மாசம். அவன் திரும்பி வர்றப்போ ரெண்டும் உசுரோட இருக்கணும். ஒண்ணு கொறைஞ்சாலும் இந்தத் தெருவுல நான் தல நிமுந்து நடக்க முடியாது."

இன்ஜினியர் போய் இறங்கியதும் போனில் பேசினார். சின்ன டப்பில் தண்ணீர் சீக்கிரம் கெடும், பெரிய தொட்டியை ஓட விட்டே ஆக வேண்டும், கொளத்தூரில் ஒரு கடை இருக்கிறது, என்ன ஃபில்டர் என்று அங்கே கேட்டு வாங்குங்கள் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கொளத்தூர் போனேன்.

அந்தத் தெருவில் கடைக்குக் கடை மீன்தான். கடைக்காரரிடம் இருப்பதிலேயே பெரிய ஃபில்டர் கொடுங்கள் என்றேன். அவர் கொடுக்கவில்லை, கேள்வி கேட்டார். எத்தனை லிட்டர் தொட்டி, எத்தனை மீன், பவளம் வைக்கிற யோசனை இருக்கிறதா. பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார். தொட்டியின் முதுகில் தொங்கும் டப்பா ஒன்று. சின்னத் தொட்டிக்குச் சரி, நாலடிக்குப் போதாது. மூடி போட்ட பெரிய டப்பா ஒன்று. தண்ணீர் பளிச்சென்று இருக்கும், ஆனால் உள்ளே சேரும் கழிவை மறந்துவிட்டால் அதுவே விஷமாகத் திரும்பி வரும். மூன்றாவது, சம்ப். வீட்டில் தரைக்கடியில் கட்டுகிற சம்ப் இல்லை. தொட்டிக்குக் கீழே, தடுப்புகள் வைத்த இன்னொரு கண்ணாடித் தொட்டி. மேலிருந்து தண்ணீர் இதில் வடியும். முதல் தடுப்பில் பஞ்சு கசடைப் பிடிக்கும். இரண்டாவதில் ஒரு கருவி காற்றைக் கலந்து நுரையாக்கும். பருப்பு கொதிக்கும்போது மேலே கட்டுவதை நாம் வழித்து எடுப்போமே, அதுபோல அழுக்கு நுரையோடு ஏறி ஒரு கிண்ணத்தில் தங்கும். மூன்றாவதில் பீங்கான் வளையங்கள். கடைசியில் பம்பு, தண்ணீரை மேலே ஏற்ற.

சம்ப்பைப் பார்த்ததும் எனக்குப் பழைய நண்பனைப் பார்த்த மாதிரி இருந்தது. எங்கள் கூலண்ட் தொட்டியும் இதே அமைப்புதான். இதுவே போதும் என்றேன்.

பணம் வாங்கும்போது கடைக்காரர் சொன்னார்: "அண்ணே, ஃபில்டர் எதுன்னு கேட்டீங்கன்னா நான் கடல் கல்லையும் வளையத்தையும்தான் காட்டுவேன். மத்ததெல்லாம் அதுக்கு எடுபிடி."

இன்னும் ரெண்டு கல்லை நம் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பக்கத்து அறையில் திருநெல்வேலிப் பக்கத்து ஃபிட்டர் ஒருவர் இருந்தார். வேறொரு கம்பெனியில் பராமரிப்புப் பிரிவு. குழாய் வேலையெல்லாம் அவர்தான் செய்தார். பம்பு எத்தனை பெரிதோ அத்தனை நல்லது என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. கடைக்காரர் கொடுத்த பம்பை ஒதுக்கிவிட்டு, சுங்குவார்சத்திரத்தில் பழைய சாமான் கடையில் அதைப்போல ஐந்து மடங்கு இழுக்கும் பம்பு ஒன்றை வாங்கினோம். ஒரு லோடு ஆட்டோவில் தண்ணீர்க் கேன்களை ஏற்றிக்கொண்டு கோவளம் போய்க் கடல் தண்ணீர் மொண்டு வந்தோம். நிரப்பி, மணல் பரப்பி, ஸ்விட்சைப் போட்டோம். அடி மணல் முழுக்க எழும்பிச் சுழன்று, ஒரு நிமிடத்தில் தொட்டிக்குள் இருந்த கல் கண்ணுக்குத் தெரியவில்லை. நல்லவேளை, மீன் இன்னும் டப்பில்தான் இருந்தது.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். "இது இன்னா மீன் தொட்டியா, வாஷிங் மெஷினா?" என்று கேட்டுவிட்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

கடைக்காரர் கொடுத்த சின்னப் பம்பையே மாட்டினோம். மேலே கீழே போய்வரும் தண்ணீர் மெதுவாகப் போனால்தான் நுரைக் கருவிக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும் என்பது அப்போது விளங்கியது. தொட்டிக்குள் தண்ணீரை அசைப்பது வேறு வேலை. அதற்கு அலை எழுப்பும் சின்ன விசிறிகள் இரண்டு. அவற்றை நான் ஒரே திசையில் வைத்தேன், ஆறு மாதிரி ஓடியது. எதிரெதிராகக் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்பியதும் இரண்டு ஓட்டமும் மோதி உடைந்து, மேல்மட்டம் சிலுசிலுத்தது. அதிலும் தண்ணீர் நகராத மூலை எது என்று எனக்குப் பிடிபடவில்லை. அக்கா மீன் தீனியை இடித்துத் தூளாக்கித் தூவிவிட்டு, எங்கே போய்ப் படிகிறது என்று பார்த்தார். படிந்த இடத்தைக் காட்டி விசிறியைத் திருப்பச் சொன்னார். "வூடு பெருக்குறவளுக்குக் குப்பை எங்க சேரும்னு தெரியாதா?"

கரண்ட் நின்றால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் விட்டிருந்தோம். நின்றது. பம்புக் குழாய் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி இறங்கி, சம்ப் வழிந்து, அக்கா ஹாலில் கோவளம் வந்துவிட்டது. துடைத்து முடித்ததும் ஃபிட்டர் அந்தக் குழாயில் தண்ணீர் மட்டத்துக்கு நேராக ஒரு துளை போட்டார். மட்டம் துளைக்குக் கீழே இறங்கியதும் காற்று புகுந்து ஓட்டம் நின்றுவிடும். சம்ப்பிலும் முக்கால் அளவுக்கு ஒரு கோடு கிழித்து, அதற்கு மேல் நிரப்புவதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் முதலிலேயே சரியாக இருந்தேன். தண்ணீர் தினம் ஒரு விரல் குறைந்தது. கடல் தண்ணீரையே ஊற்றி நிரப்பலாம் என்றார் ஃபிட்டர். கூடாது என்றேன். வெயில் தண்ணீரை மட்டும்தான் குடிக்கும், உப்பை விட்டுவிடும். அதை நம்பித்தான் மரக்காணத்தில் இரண்டு வருஷம் சாப்பிட்டேன். குறைந்த அளவுக்குக் குடிதண்ணீர்க் கேனிலிருந்து நல்ல தண்ணீர் ஊற்றினோம். இன்ஜினியர் போனில் சபாஷ் என்றார். அந்தச் சபாஷ் கொஞ்சம் தலைக்கேறியது.

தண்ணீர் பழுக்க வேண்டும் என்று அவர் மூன்று வாரம் காத்திருக்கச் சொன்னார். தண்ணீரின் நிலையை நிறத்தில் காட்டும் சோதனை மருந்தில் மஞ்சள் வந்த பிறகு மீன்களை விட்டோம். பெரியது முன்னால் போக, சின்னது அதன் பின்னாலேயே போய், கல்லுக்கு இடுக்கில் ஒரு இடத்தைத் தங்களுடையது என்று முடிவு செய்தன. அக்கா தீனியோடு வந்தால் கண்ணாடிக்கு வந்து இடுப்பை ஆட்டும். "என்னியப் பாத்தா மட்டும்தான் ஆடுது" என்று தெருவில் நாலு பேரிடமாவது சொல்லியிருப்பார்.

இதுவரைக்கும் நல்லபடியாக நடந்ததைக் கெடுத்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

வாரம் ஒருமுறை முதல் தடுப்பில் இருக்கும் பஞ்சை மட்டும் அலசுங்கள் என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். ஃபிட்டருக்கு அது அரைகுறை வேலையாகத் தெரிந்தது. அவர் கம்பெனியில் எந்த எந்திரத்துக்கும் ஒரு செக் ஷீட் உண்டு. பஞ்சு, வலை, குழாய், பம்பு என்று வரிசையாக எழுதி, சுத்தம் செய்து, டிக் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். அதேபோல ஒன்று எழுதித் தொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை தோறும் பீங்கான் வளையங்களை வாளியில் கொட்டி, போர் தண்ணீர்க் குழாயில் பிடித்து, பழுப்பு போகும் வரை தேய்த்தோம். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. தொட்டியில் வளர்வதைக் கொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளமே. நாத்தனார்கூட வந்து பார்த்துவிட்டு, தண்ணீர் இருக்கிற மாதிரியே தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

பிறகு அந்த நாத்தனார், தன் பெண்ணுக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்களை ஞாயிறு சாயங்காலம் தொட்டியைப் பார்க்க அழைத்து வருவதாகச் சொல்லியனுப்பினார்.

"கஸ்டமர் விசிட்டு வருதுலா அண்ணாச்சி. எல்லாத்தையும் கழத்திப் போட்டுருவோம்" என்றார் ஃபிட்டர்.

அன்று காலை கற்களையும் எடுத்தோம். பிரஷ் போட்டுத் தேய்த்து, மொட்டை மாடியில் அக்காவின் மோர் மிளகாய்க்குப் பக்கத்தில் மதியம் வரை காய வைத்தோம். எலும்பு மாதிரி வெளுத்தன. சம்பந்தி வீட்டார் வந்து பார்த்து வியந்தார்கள், சம்பந்தமும் முடிவாயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டார். குரல் வழக்கம்போல இல்லை. போய்ப் பார்த்தேன். இரண்டு மீன்களும் மேல்மட்டத்தில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடின. தீனி அப்படியே மிதந்தது. அக்கா கையை ஆட்டினார், அவை திரும்பவில்லை. தண்ணீர் மட்டும் கண்ணாடியாக இருந்தது.

மூச்சுதானே பிரச்சினை, ஓட்டத்தைக் கூட்டு என்றார் ஃபிட்டர். விசிறியை முழு வேகத்துக்கு வைத்தோம். சின்ன மீன் அடித்துச் செல்லப்பட்டு மூலையில் ஒண்டியது.

"மூச்சு வாங்கினு நிக்கிறத ஓட வுட்றியே, கொறைய்யா" என்று அக்காவே குறைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டார். அடுப்பில் இட்லி வேகிற வாசனை தீய்கிற வாசனையாக மாறியது. நான் போய் அணைத்தேன்.

இன்ஜினியரை வீடியோவில் பிடித்தோம். மீனைக் காட்டச் சொன்னார், சம்ப்பைக் காட்டச் சொன்னார். வளையங்களைப் பார்த்ததும் அவர் கேட்டார்: "அது ஏன் இவ்வளவு வெள்ளையா இருக்கு?"

நானும் ஃபிட்டரும் செக் ஷீட்டைப் பார்த்தோம்.

"கழுவினீங்களா? எந்தத் தண்ணியில?"

போர் தண்ணீரில் என்றேன். கல்லையும் என்றேன். வெயிலில் காய வைத்ததை ஃபிட்டர் சொன்னார். இன்ஜினியர் திட்டவில்லை. சோதனை மருந்து போடச் சொன்னார். மஞ்சளாக இருக்க வேண்டியது நல்ல பச்சையாக வந்தது. பிறகு பொறுமையாக விளக்கினார். மீன் கழிவில் விஷம் உண்டு. அதைத் தின்று தீர்க்கும் கிருமிகள் அந்தக் கல்லிலும் வளையத்திலும்தான் பழுப்பாகப் படர்ந்திருந்தன. அவை கடல் தண்ணீரில் பிறந்தவை. ஊர்த் தண்ணீர் பட்டாலே செத்துவிடும்; இத்தனை நாள் கல்லில் இருந்தவைதான் சமாளித்திருக்கின்றன. அவை இல்லாத தண்ணீர் எத்தனை பளிச்சென்று இருந்தாலும் மீனுக்கு விஷம். பழுப்பதற்கு மூன்று வாரம் காத்திருந்ததே அவை படர்வதற்காகத்தான்.

திங்கள் தோறும் நான் மருந்து ஊற்றிக் கொன்ற கிருமிகளின் உறவுக்காரர்களை நம்பித்தான் இந்தத் தொட்டி உயிரோடு இருந்திருக்கிறது. அன்றைக்கு அதை நினைத்துச் சிரிப்பு வரவில்லை. பிறகு வந்தது.

செய்ய வேண்டியது இரண்டு. கையிருப்பில் இருந்த ஏழு கேன் கடல் தண்ணீரை மாற்ற வேண்டும். எங்கிருந்தாவது கழுவாத வளையங்கள் கொண்டு வர வேண்டும். நான் வேலைக்கு வரவில்லை என்று மேஸ்திரிக்குப் போன் செய்தேன். ஒப்பந்தக் கூலிக்கு லீவு என்றால் அன்றைய கூலி இல்லை, அதில் பேச ஒன்றுமில்லை. தண்ணீரை மாற்றிவிட்டு ஃபிட்டர் ஷிப்டுக்கு ஓடினார். நான் கொளத்தூருக்கு ஓடினேன்.

கடைக்காரர் முழுக் கதையையும் கேட்டார். மொட்டை மாடி வந்ததும் கடைப் பையன்களையும் கூப்பிட்டு என்னை இன்னொருமுறை சொல்ல வைத்தார். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, தன் பெரிய தொட்டியின் சம்ப்பில் கைவிட்டு, கரும்பழுப்பாக வழவழத்த வளையங்களை அள்ளி ஒரு வாளியில் போட்டு, அதே தொட்டித் தண்ணீரை மூழ்கும் வரை ஊற்றினார். என்ன விலை என்றேன்.

"அழுக்குக்கு எங்கண்ணே வெல? கழுவாம போடுங்க, அது போதும்."

பூந்தமல்லியில் பஸ் மாறினேன். வாளியை மடியில் வைத்து ஈரத்துண்டால் மூடியிருந்தேன். வெயிலில் அது காசிமேட்டு மீன் சந்தை வாடை வீச ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்தார். கண்டக்டர் என்ன அது என்றார். மருந்து என்றேன். யாருக்கு என்றார். மீனுக்கு என்றேன். அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் வரை என் பக்கமே வரவில்லை.

வந்து சேர்ந்தபோது அக்கா அதே நாற்காலியில் இருந்தார். மத்தியானம் சாப்பிடவில்லை என்று தெரிந்தது. வளையங்களை சம்ப்பில் போட்டேன். சின்ன மீன் அடியில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அக்கா என்னை ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் இரண்டு திட்டு திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சோறு இறங்கியிருக்கும்.

மறுநாள் ஷிப்ட் முடிந்த கையோடு ஃபிட்டர் இரவல் வாங்கின ஆட்டோவில் கோவளம் போய் மறுபடி தண்ணீர் கொண்டு வந்தார். புதன், வியாழன் இரண்டு நாளும் பாதித் தண்ணீரை மாற்றினோம். பச்சை வெளுத்துக்கொண்டே வந்தது. வெள்ளிக்கிழமை காலை என் கதவு தட்டப்பட்டது. அக்கா கையில் கரண்டியோடு நின்றார்.

"பெர்சு துன்னுச்சு" என்றார். "சின்னது மோந்து பாத்துட்டுத் துப்பிச்சு. ஆனா எய்ந்து நிக்குது."

மத்தியானம் அதுவும் தின்றது. அன்று எங்கள் இருவருக்கும் அக்கா வஞ்சிரம் வறுத்துப் போட்டார். தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார்.

ஃபிட்டருக்கு செக் ஷீட் இல்லாமல் இருக்க முடியவில்லை. பழையதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். பஞ்சு, அலசியாச்சு. வளையம், தொடவில்லை. கல், தொடவில்லை. செய்யாத வேலைக்கு ஞாயிறு தோறும் டிக் போட்டுக் கையெழுத்து வைத்தார். கல் மறுபடி பழுப்பேறி, ஊதா நிறத்தில் திட்டுத்திட்டாகப் படர்ந்தது. யாராவது விருந்தாளி வந்து தொட்டி அழுக்காக இருக்கிறதே என்றால், அது அழுக்கில்லை, ஆள் என்று அக்கா சொல்வார். எத்தனை ஆள் என்று கேட்டால், கம்பெனியில் இருப்பதைவிட அதிகம் என்பார்.

ஐந்து மாதம் என்றது ஆறாக நீண்டது. இன்ஜினியர் வந்தவர் பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டு ஹாலுக்குள் வந்தார். நாத்தனாரும் பின்னாலேயே வந்து நின்றார்.

"எண்ணிக்கோ" என்றார் அக்கா. இன்ஜினியரிடம் சொன்னாரா நாத்தனாரிடமா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இரண்டும் இருந்தன. பெரியது இன்னும் பெருத்திருந்தது. நாத்தனார் குனிந்து கல்லின் இடுக்கு வரைக்கும் பார்த்தார், மூன்றாவதாக ஒன்று செத்துக் கிடக்குமோ என்று தேடுகிற மாதிரி. பிறகு நிமிர்ந்து, "பரவால்ல, பாத்துக்கினுதான் கீற" என்றார். அந்த வாயிலிருந்து அதற்கு மேல் வராது.

இன்ஜினியருக்குக் கம்பெனி மறைமலை நகரில் வீடு கொடுத்துவிட்டது. அடுத்த வாரமே தொட்டியை எடுக்க வண்டியோடு வந்தார். கல்லையும் வளையத்தையும் பாதித் தண்ணீரையும் டிரம்மில் போட்டோம். மீன்கள் மூடி போட்ட வாளியில். வண்டி கிளம்பும்போது அக்கா புடவையைச் சொருகிக்கொண்டு பின்னால் ஏறி, வாளியை இரண்டு கால்களுக்கு நடுவில் வைத்து உட்கார்ந்துவிட்டார். ஆன்ட்டி, நீங்கள் எதற்கு என்றார் இன்ஜினியர். வழியெல்லாம் ஸ்பீடு பிரேக்கர் என்றார் அக்கா. நானும் ஏறிக்கொண்டேன்.

அங்கே தொட்டியை வைத்து, நிரப்பி, ஓடவிட்டு, மீனை விட மூன்று மணிநேரம் ஆயிற்று. இன்ஜினியர் டீ வாங்கி வந்தார். அக்கா குடிக்கவில்லை. புது இடத்தில் மீன்கள் குழாய்க்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. அக்கா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு சிட்டிகை தீனி தூவினார். அவை வரவில்லை. இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன், ஒரகடம் பஸ்ஸுக்காக. அக்கா அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சிட்டிகை. பெரியது தலையை நீட்டியது, ஒன்றைக் கவ்வியது. அதன் பின்னாலேயே சின்னதும் வந்து கவ்வியது.

அக்கா முழங்காலில் கையூன்றி எழுந்து, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"வா, போலாம்" என்றார்.